ராட்டினக் கூட்டமும் தியேட்டர் கூட்டமும்

அன்புள்ள பாஸ்கர்,

செந்தோசாத் தீவுப் பார்க்கில் மினியன் ரைடுக்கு நீங்கள் குடும்பத்தோடு கால் கடுக்க நின்ற கதையை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்கேயுமா க்யூ?" என்பதுதான். சிங்கப்பூரில் யாரும் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார் போல. இனிமேல் தண்ணி லாரி வரிசையைப் பற்றி அவர் புலம்புவது கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் தண்டையார்பேட்டையிலேயே மெட்ரோ ஏறிவிடலாம் என்பதால் டாக்டரிடம் கூட்டிப் போய் வருவது முன்பு போல அவஸ்தை இல்லை. பெரியவளுக்குப் பத்தாவது பப்ளிக் எக்ஸாம் என்பதால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது. சின்னவன் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் ஜப்பான் கார்ட்டூன் பார்க்கிறான். 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் என்ற ஜப்பான் கார்ட்டூன் படம் தமிழ் டப்பிங்கோடு வந்தபோது நம்ம தெருக் கல்லூரிப் பசங்க அந்தப் பட ஹீரோ மாதிரியே பச்சை கறுப்புக் கட்டம் போட்ட அங்கி மாட்டிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து, எங்கேயோ நாடகம் போடப் போகிறார்கள் என்று நினைத்தேன். டோரா, புஜ்ஜி என்று சுட்டி டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அதே பசங்கதான், இப்போது மீசை முளைத்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். பொம்மைப் படத்துக்கு, அதாவது அனிமேஷன் படத்துக்கு, இப்போது ஏன் இப்படிக் கூட்டம், ராட்டினம் ஓடும் பார்க்குகளிலும் ஏன் கால் வைக்க இடமில்லை, இரண்டும் ஒரே கூட்டம்தானா என்று கேட்டாய். ஆட்கள் ஒன்றுதான். கூட்டம் மட்டும் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது, ஏன் என்று சொல்கிறேன் கேள்.

வசூலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 2024இல் இன்சைடு அவுட் 2 கிட்டத்தட்ட 170 கோடி டாலர் அள்ளியது. அடுத்த வருஷம் சீனப் புத்தாண்டுக்கு வந்த நெஜா 2, அனிமேஷன் படங்களிலேயே முதல் முறையாக 200 கோடி டாலரைத் தாண்டியது, அதுவும் பெரும்பகுதி சீனாவுக்குள்ளேயே. உன் பசங்க கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்ட அந்த மஞ்சள் பொடியன்களின், அதாவது மினியன்களின், படங்களை எல்லாம் கூட்டினால் 500 கோடி டாலருக்கு மேல் போகிறது. நம்ம நாட்டில் இதெல்லாம் நடக்காது என்றுதான் சினிமாக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014இல் ரஜினியின் அனிமேஷன் படமான கோச்சடையானுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்த பிறகு இங்கே யாருக்கும் அந்தப் பக்கம் கை வைக்கத் தைரியம் வரவில்லை. ரஜினியை வைத்தே ஓடவில்லை என்றால் யாரை வைத்து ஓட்டுவது என்பதுதான் கணக்கு. ஆனால் 2025 ஜூலையில் மகாவதார் நரசிம்மா என்ற அனிமேஷன் படம் வந்தது. பெரிய நடிகர் இல்லை, முதல் நாள் வசூல் நாடு முழுக்கச் சேர்த்தே 2 கோடி ரூபாய்க்குக் கீழேதான், கடைசியில் 300 கோடியைத் தாண்டியது.

நாங்கள் அதைப் பெரம்பூரில் பார்த்தோம். எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பொடிப்பயல், அவனுக்கு அந்தப் பக்கம் அவன் பாட்டி. படம் ஆரம்பித்ததுமே பாட்டி செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரணியன் "எங்கேடா உன் ஹரி" என்று கேட்கும் இடம் வந்தது, தூணில் இருப்பான் துரும்பில் இருப்பான் என்று தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது, அந்தப் பயல் சீட் மேலேயே ஏறி நின்றுகொண்டு "தூணு, தூணு" என்று கத்துகிறான். முன் வரிசையில் இன்னொன்று கத்துகிறது. ஒரு நிமிஷத்தில் அரங்கம் முழுக்கக் குழந்தைகள் கத்த, தூண் பிளந்தபோது பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாப்கார்ன் என் சட்டையெல்லாம். பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். இதே படத்தை வீட்டில் மொபைலில் தனியாகப் பார்த்திருந்தால் எனக்குப் பாதியில் தூக்கம் வந்திருக்கும், நிஜமாகச் சொல்கிறேன், நடுவில் சில இடங்கள் இழுவைதான். அந்தக் கூட்டம்தான் படத்தைத் தூக்கி நிறுத்தியது.

இதைத்தான் சொல்ல வந்தேன். தியேட்டரில் கூட்டம் சேரச் சேர உனக்குக் கிடைப்பது கூடுகிறது. கூட்டம் அதிகமானால் தியேட்டர்காரர் இன்னொரு ஸ்கிரீனைத் திறந்துவிடுவார், காட்சியைக் கூட்டிவிடுவார், அந்தப் படத்துக்கும் அப்படித்தான் வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போனார்கள். நம்ம மாநிலத்தில் டிக்கெட் விலைக்கு அரசாங்கம் உச்ச வரம்பு வேறு வைத்திருக்கிறது, அதனால் ஆட்டோ ஓட்டுகிறவர் பிள்ளையும் ஹார்பர் ஆபீஸர் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்தலாம்.

பார்க்கில் இது அப்படியே தலைகீழ். அரையாண்டு லீவில் நம்ம தெருவில் சில குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்து ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பார்க்குக்குப் போனோம், எது என்று பெயர் வேண்டாம். விடியற்காலையில் எழுந்து கட்டிய புளிசாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள், வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லையாம். பத்து மணி வெயிலில் வேன் நிழலில் நின்றபடி எல்லோரும் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தோம். (வறுவல் பிரமாதம், எதிர்வீட்டு அக்கா கைப்பக்குவம்.) உள்ளே போனால் நைலான் துணி இல்லாதவர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது, அதற்கு வாடகை. அப்புறம் பெரிய ரைடு முன்னால் வரிசை. வெளியிலிருந்து பார்த்தால் சின்னதாகத் தெரியும், உள்ளே கம்பி கட்டி வளைத்து வளைத்து விட்டிருப்பார்கள், ஒரு திருப்பம் முடிந்தது என்று நினைத்தால் இன்னொன்று.

நிற்கிற நேரத்தில் வேலை இல்லாமல் கணக்குப் போட்டேன். ஒரு சுற்றுக்கு 24 பேர், பெல்ட் மாட்டி, சுற்றி, இறக்கிவிட 5 நிமிஷம் என்று வை. மணிக்கு 12 சுற்று, 288 பேர். காலை பதினொன்று முதல் மாலை ஆறு வரை ஒரு நிமிஷம் நிறுத்தாமல் ஓட்டினாலும் 2,016 பேர்தான் ஏற முடியும். அன்றைக்கு உள்ளே இருந்த கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? அவசரத்துக்கு இன்னொரு ரோலர் கோஸ்டரைக் கொண்டு வந்து வைக்கவும் முடியாது. ஆகவே உனக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொருவரும் உன் நாளில் கொஞ்சத்தைத் தின்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் அவர்கள் கெட்டிக்காரத்தனம் தொடங்குகிறது. கூடுதல் காசு கட்டினால் தனி வழி. கோயிலில் தர்ம தரிசனம், சிறப்பு தரிசனம் என்று இரண்டு வரிசை ஓடுமே, அதேதான். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் கையில் பட்டையைக் காட்டிவிட்டு விறுவிறுவென்று போக, என் சின்னவன் "நாம ஏன்பா அதுல போகல?" என்று கேட்டான், எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். டிஸ்னிக்காரர்கள் 1999இல் இதை ஆரம்பித்தபோது இலவசமாகத்தான் கொடுத்தார்கள், ஒரு நேரச் சீட்டு வாங்கிக்கொண்டு வேறெங்காவது சுற்றிவிட்டு வரலாம். 2021 முதல் அதுவும் காசுக்கு. கூட்டத்தை உண்டாக்குவதும் அவர்கள்தான், அதிலிருந்து தப்பிக்கும் வழியை விற்பதும் அவர்கள்தான், இது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் ஆரம்பத்திலிருந்தே கூட்டத்தோடு அவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். 1955 ஜூலை 17, கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்டு திறப்பு விழா. அழைப்பிதழைக் கள்ளத்தனமாக அச்சடித்துக்கொண்டு எதிர்பார்த்ததைவிட ஏகப்பட்ட ஜனம் உள்ளே புகுந்துவிட்டது. ஒருவர் வேலி மேல் ஏணியைச் சாத்தி ஆளுக்கு 5 டாலர் வசூல் பண்ணியிருக்கிறார், நம்ம ஊர் மூளை பார். புதுத்தார் வெயிலில் இளகி அம்மணிகளின் ஹை ஹீல்ஸ் ரோட்டில் மாட்டிக்கொண்டது. பிளம்பர்கள் ஸ்டிரைக் நடந்து முடிந்திருந்ததால் குடிநீர்க் குழாயா கழிப்பறையா என்று வால்ட் டிஸ்னி ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை, அவர் கழிப்பறையை முடித்தார். இதைச் சொன்னதும் அம்மாவுக்கு அமெரிக்காவின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

இன்றைக்கு அந்தக் கம்பெனியின் லாபத்தில் பாதிக்கு மேல் பார்க்கு, சுற்றுலாக் கப்பல் வகையறாவிலிருந்துதான் வருகிறது. படம் பார்க்கை வளர்த்த காலம் போய், இப்போது பார்க்கே படத்தை வளர்க்கிறது. 2023 டிசம்பரில் ஷாங்காய் டிஸ்னிலேண்டில் ஸூடோப்பியா படத்துக்கென்றே ஒரு தனி ஊர் கட்டித் திறந்தார்கள். அந்தப் படத்து முயலும் நரியும் தினம் அங்கே கைகாட்டிக்கொண்டே இருந்தன. 2025 நவம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது சீனாவில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. முதல் படம் 2016இல் வந்தது, நடுவில் ஒன்பது வருஷம், எந்தக் குழந்தை மறக்காமல் இருக்கும்?

நம்ம பக்கமும் ஒருவர் இதை யோசித்தார், உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. 1984இல் மை டியர் குட்டிச்சாத்தான் என்ற மலையாள 3டி படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான் 1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா பார்க்கைத் தொடங்கியவர். அதில் பசங்க சுவரிலும் கூரையிலும் நடந்து போவார்களே, அறையையே சுற்றவைத்து எடுத்த அந்தக் காட்சிக்குக் காசு போட்ட ஆள் ராட்டினம் கட்டியதில் ஆச்சரியம் என்ன? அதற்குப் பிறகு அப்படி யாரும் வரவில்லை என்பதுதான் என் வருத்தம். சென்னையில் எத்தனையோ பசங்க வெளிநாட்டுப் படங்களுக்கு ராத்திரி பகலாகக் கிராபிக்ஸ் செய்கிறார்கள், நம்ம குழந்தை கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ள நம்ம ஊர் பொம்மை ஒன்றுகூட இல்லை.

இவ்வளவு திட்டினேனே, அந்தப் பார்க்கில் ஒரு இடத்தில் மட்டும் நான் தோற்றுப்போனேன். அலைக்குளம். சங்கு ஊதியதும் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஓவென்று கத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறார்கள், காசிமேட்டுக் கடலைத் தினம் பார்க்கிற நம்ம தெரு ஆட்களும் சேர்ந்து. யாரோ ஒரு ஆள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், யார் என்றே தெரியாது. அலை வந்து எல்லோரையும் ஒன்றாகப் புரட்டிப் போட்டது. ஆளே இல்லாத குளத்தில் மோட்டார் போட்டு அலை விட்டால் யார் இறங்குவார்கள்? அங்கே தனி வழியும் கிடையாது.

சரி, நீ ஜூனில் வருவதாக எழுதியிருக்கிறாய். 2025 டிசம்பரில் ஓஎம்ஆர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா பார்க்கைத் திறந்துவிட்டார்கள், நாங்கள் இன்னும் போகவில்லை. இங்கே பள்ளி திறந்த பிறகு ஒரு செவ்வாய், புதன் என்று பார்த்துப் போனால் கூட்டம் குறைவாக இருக்கும், சின்னவனுக்கு ஒரு நாள் லீவ் லெட்டர் நான் எழுதிக்கொள்கிறேன். அகஸ்தியா தியேட்டரை மூடிவிட்டார்களே என்று நீ வருத்தப்பட்டாய், 2020இல் மூடியது, அது அவ்வளவுதான், ஆனால் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் தியேட்டர் இருக்கிறது, பசங்களுக்கு ஒரு படம் கண்டிப்பாக உண்டு. தங்கச்சியிடம் எல்லோருக்கும் நைலான் துணி எடுத்துவைக்கச் சொல். உன் சின்னவனைச் சுவரோடு நிற்கவைத்து உயரம் அளந்து எழுது, பெரிய ரைடுகளில் உயரம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள், அங்கே போய் நின்று அழக்கூடாது.

அன்புடன்,
செல்வம்