முனிரத்தினத்துக்கு: யாழினியின் முதல் இரண்டு வாரம் பற்றி

தருமபுரி

அன்பு முனிரத்தினம்,

உன் கடிதம் வந்தது. உன் மகள் யாழினிக்கு ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்தில் எம்.எஸ். இடம் கிடைத்து, விசாவும் கைக்கு வந்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நீ கேட்டிருப்பது மூன்று: எத்தனை ஸ்வெட்டர், என்ன சாப்பாடு, கையில் எவ்வளவு பணம். சொல்கிறேன். ஆனால் குளிரிலும் சாப்பாட்டிலும் தடுமாறி நின்ற பிள்ளைகள் குறைவு. எங்கள் கல்லூரியிலிருந்து ஜெர்மனி போனவர்களில் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொண்டது காகித வரிசையில்தான். அங்கே ஒரு காகிதம் இருந்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். முதல் காகிதம் தங்கும் அறையிலிருந்து தொடங்குகிறது.

முதலில் பயணத் தேதி. நீங்கள் பெங்களூர் விமான நிலையத்திலிருந்துதான் ஏறுவீர்கள். பிராங்க்பர்ட் விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும். டிக்கெட்டில் 30-ஆம் தேதி அதிகாலை என்றிருந்தால் 29-ஆம் தேதி மாலையே கிருஷ்ணகிரியை விட்டுப் புறப்பட வேண்டும். ஓசூர் வரை சிக்கலில்லை. பெங்களூருக்குள் சில்க் போர்டு சந்திப்பு தாண்டி, ஊருக்கு வடக்கே விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளி போவதற்குத்தான் நேரம் வேண்டும். இறங்குகிற நாள் செவ்வாய், புதன் மாதிரி வார நடுவில் இருக்கட்டும். விடுதிச் சாவியைக் கொடுக்கிற பொறுப்பாளர் (அங்கே ஹவுஸ்மைஸ்டர் என்பார்கள்) வார நாட்களில், அதுவும் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டும்தான் இருப்பார். வெள்ளி மாலை போய் நின்றால் திங்கள் வரை சாவி இல்லை, ஓட்டல் செலவு தனி. அக்டோபர் 3 அவர்களுடைய ஒருமைப்பாட்டு நாள், நாடு முழுக்க விடுமுறை. கெம்னிட்ஸ் இருக்கிற சாக்சனி மாநிலத்தில் அக்டோபர் 31-உம் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கடைகளே திறக்காது, பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற ஒன்றிரண்டைத் தவிர. அறை ஒப்பந்தம் அக்டோபர் 1 முதல் என்றிருந்தால், அதற்கு முன்னால் போகிற ஒவ்வொரு இரவுக்கும் படுக்க இடம் இப்போதே பதிவு செய்துவிடு.

பிராங்க்பர்ட்டிலிருந்து லைப்சிக், அங்கே வண்டி மாறிக் கெம்னிட்ஸ். மொத்தம் ஐந்து மணி நேரம் போல ஆகும். மலிவு விலை ரயில் டிக்கெட் குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும். விமானம் தாமதமானால் அது போச்சு. இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது விடச் சொல்.

இப்போது முக்கியமான விஷயம். ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்று பெயர். அது சட்டம், தவறினால் 1,000 யூரோ வரை அபராதம் போட இடமுண்டு. அதற்குப் பாஸ்போர்ட் மட்டும் போதாது. வீட்டுக்காரர் கையெழுத்திட்டு, "இன்னார் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார்" என்று கொடுக்கிற தனித் தாள் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. சாவி வாங்கும்போதே அந்தத் தாளையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள், அதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். பதிவு செய்கிற நேரம் இணையத்தில் முன்கூட்டி வாங்க வேண்டியது. அக்டோபரில் மாணவர் கூட்டம் நெரியும். ஆகவே யாழினி இங்கிருந்தே, செப்டம்பரிலேயே அந்த நேரத்தைப் பிடித்து வைக்கட்டும்.

அறை கிடைக்காத பிள்ளைகள் ஒரு குறுக்கு வழி பார்ப்பார்கள். தெரிந்த சீனியர் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பதிவது, தங்குவது வேறு எங்கேயோ. நீ அதற்குச் சம்மதிக்காதே. அங்கே குடியிருக்காதவருக்கு முகவரி கொடுப்பவர் மேல் 50,000 யூரோ வரை அபராதம் போக வழியிருக்கிறது. உதவி செய்யப் போன பையன் சிக்கிக்கொள்வான். இன்னொன்று, அறையைக் காட்டாமலே "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று வருகிற மின்னஞ்சல் எல்லாம் மோசடி. முன்பணம் அடிப்படை மாத வாடகையின் (வெப்பம், தண்ணீர்ச் செலவு சேராதது) மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம்.

பதிவு முடிந்ததும் ஒரு சான்று கொடுப்பார்கள். அதை ஐந்தாறு நகல் எடுத்து வைக்கட்டும், வங்கி முதல் எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

தபால் பெட்டியைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வங்கி அட்டை ஒரு உறையில், அதன் ரகசிய எண் சில நாள் கழித்து வேறு உறையில். 11 இலக்க வரி எண், காப்பீட்டு அட்டை, விசா அலுவலகத்துக் கடிதம், எல்லாமே தபாலில்தான் வரும். நம் ஊரில் தபால்காரர் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்துக் கொடுப்பார். அங்கே கட்டட வாசலில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். பெட்டி மேல் ஒட்டியிருக்கிற பெயரும் உறை மேல் இருக்கிற பெயரும் ஒத்துப் போனால் கடிதம் உள்ளே விழும், இல்லாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். அறை எண் எழுதியிருந்தாலும் அதைப் பார்த்துப் போடுவார்கள் என்று நம்ப முடியாது. சாவி வாங்கின அன்றே பெயரை ஒட்ட வேண்டும்.

இதில் நம் ஆட்களுக்குத் தனிச் சிக்கல். யாழினியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உன் பெயர்தான் இருக்கும். அங்கே அவளுக்கு வருகிற கடிதமெல்லாம் "திருமதி முனிரத்தினம்" என்றுதான் வரும். பெட்டியில் "எம். யாழினி" என்று மட்டும் ஒட்டினால் பாதிக் கடிதம் வராது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே, இரண்டு பெயரும் முழுதாக, பெரிய எழுத்தில். பல்கலைக்கழகம், வங்கி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம், எங்கேயும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. விண்ணப்பத்தில் முன்பெயர், பின்பெயர் இடம் மாற்றிப் போட்டு, வங்கிக் கணக்கு மூன்று வாரம் தள்ளிப் போன கதைகள் உண்டு.

பணம். முடக்கக் கணக்கில் (விசாவுக்காக ஒரு வருஷச் செலவை முன்கூட்டியே போட்டு வைக்கிற கணக்கு) நீ கட்டிய 11,904 யூரோ அவள் இறங்கினதும் கைக்கு வராது. மாதம் 992 யூரோ வீதம்தான் விடுவிப்பார்கள், அதுவும் அங்கே ஒரு நடப்புக் கணக்குத் தொடங்கி அதன் எண்ணைக் கொடுத்த பிறகு. வீடியோ அழைப்பில் அடையாளம் காட்டுகிற முறையில் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பல வங்கிகள் ஏற்பதில்லை. தபால் நிலையத்திலோ வங்கிக் கிளையிலோ நேரில் போய்க் காட்ட வேண்டியிருக்கும். முதல் 992 வர இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள். அதற்குள் முன்பணம், முதல் மாத வாடகை, காப்பீடு, போர்வை தலையணை எல்லாம் வந்துவிடும். ஆகவே பாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கிற அட்டை) 1,500 யூரோ, கைக்காசாக 300. அதற்கு மேல் ரொக்கம் வேண்டாம். அவளுடைய இந்திய செல்போன் எண்ணை மட்டும் அணைத்துவிடாதே. இங்கத்திய வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ரோமிங்கை இங்கிருக்கும்போதே திறந்து, சோதித்துப் பார்த்து அனுப்பு. அங்கே போன பிறகு திறப்பதற்கே ஓடிபி கேட்பார்கள்.

30 வயதுக்குள் இருப்பதால் அரசுச் சுகாதாரக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம், மாதம் சுமார் 145 யூரோ. காப்பீட்டு நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தகவல் அனுப்பும், அது போய்ச் சேராமல் சேர்க்கை முடியாது. விசா சில மாதத்துக்குத்தான் இருக்கும். அது முடியும் முன் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நேரம் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆவதால் முகவரி பதிந்த வாரத்திலேயே விண்ணப்பம் போகட்டும். ஒளிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். டிவி இல்லை என்று குப்பையில் போடக் கூடாது. அது வீட்டுக் கணக்கு, சேர்ந்து இருப்பவர்களில் ஒருவர் கட்டினால் போதும். விட்டால் பின்தேதியிட்டுச் சேர்த்து வசூலிப்பார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். தங்கச்சி நெய்யும் பால்கோவாவும் கட்டிக் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. நெய், பால்பவுடர், மாமிச ஊறுகாய் எல்லாம் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் (கருவாடு இந்தத் தடையில் வராது). பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. நம்ம ஊர் மாம்பழமும் தாவர நலச் சான்று இல்லாமல் போகாது (தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்று தேவையில்லை, ஆனால் தேங்காயைச் சுமந்து போக யாருக்கு ஆசை). கேழ்வரகு மாவு இரண்டு கிலோ, உலர்ந்த புளி அரைக் கிலோ, மிளகாய்ப் பொடி, ரசப்பொடி போதும். அரிசி பருப்பு அங்கே ஆசியக் கடைகளில் கிடைக்கும். குக்கர் மூன்று லிட்டர், அடி தட்டையானதாக. அங்கே கண்ணாடி மேடை மின்அடுப்பு, அடி உருண்ட சட்டி சூடேறாது. களிக்கு நம்ம வீட்டுச் சட்டி அங்கே ஆகாது, தட்டைப் பாத்திரத்தில் கிளறிக்கொள்ளட்டும். நம் மூன்று முனைப் பிளக் அவர்கள் சாக்கெட்டில் நுழையாது, ஆனால் மின்னழுத்தம் அதே 230 வோல்ட் என்பதால் அடாப்டர் இரண்டு இருந்தால் ஆயிற்று.

மிளகாய் தாளிக்கும்போது புகை கிளம்பினால் ஜன்னலைத் திறக்க வேண்டும், நடைபாதைக் கதவை அல்ல. சில விடுதிகளில் நடைபாதை எச்சரிக்கை மணி நேரே தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும், வண்டி வந்தால் பில் உண்டு. அறைக் கதவும் அப்படித்தான்: இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், வெளியில் திருகுகிற பிடி கிடையாது. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் குப்பை போடப் போனால் ராத்திரி நேரத்தில் பூட்டு ஆளுக்கு நூற்றுக்கணக்கில் யூரோ அழ வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொள்கிற கயிறு ஒன்று கொடுத்தனுப்பு.

ஸ்வெட்டர் இரண்டு போதும். கனத்த மேலங்கியை அங்கேயே வாங்கட்டும், இங்கே வாங்குவது அந்தக் குளிரைத் தாங்காது. அறையில் ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடித்தால் முன்பணத்தில் கழிப்பார்கள். தினம் இரண்டு முறை ஜன்னலை முழுதாக ஐந்து பத்து நிமிடம் திறந்து மூட வேண்டும், குளிர்காலத்திலும்.

படிப்பில் ஒன்றே ஒன்று. வகுப்பில் உட்கார்ந்தால் தேர்வு எழுதலாம் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அங்கே ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாக, கெடு தேதிக்குள் இணையத்தில் பதிய வேண்டும். ஒரு பாடத்தில் எழுத வாய்ப்புகளும் எண்ணிக்கைதான், பெரும்பாலும் மூன்று. அதற்குள் தேறாவிட்டால் அந்தப் படிப்பே முடிந்தது. மதிப்பெண் 1.0 என்றால் முதல் தரம், 4.0 என்றால் ஜஸ்ட் பாஸ். அவள் 1.7 என்று போன் செய்தால் நீ பதறாதே. வருஷத்துக்கு 140 முழுநாள் வேலை செய்ய அனுமதி உண்டு என்றாலும் முதல் ஆறு மாதம் அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதே. ஜெர்மன் மொழி பேச வராமல் கெம்னிட்ஸ் மாதிரி ஊரில் வேலை சுலபமில்லை.

போன் செய்ய உனக்கு ராத்திரி ஒன்பது என்றால் அவளுக்கு மாலை ஐந்தரை. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நாலரை என்று மாறும். டிசம்பரில் அந்த நேரத்துக்கே அங்கே இருட்டிவிடும், குரல் கொஞ்சம் சோர்ந்திருந்தால் தங்கச்சியைக் கலங்க வேண்டாம் என்று சொல்.

இங்கே எல்லோரும் நலம். அறை ஒப்பந்தம் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்பு. வாடகையில் தண்ணீர், வெப்பம், மின்சாரம் சேர்ந்திருக்கிறதா, மின்சாரம் தனியா என்பதை நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். கையெழுத்துப் போடுமுன் அனுப்பு.

உன்
மாதையன்