'சரி சார்'

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடவில்லை என்று திட்டாதே. இந்த மாதம் முழுக்க, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான எங்கள் பள்ளியில் வேலை இன்டர்வியூ சீசன். பயப்படாதே, என் வகுப்பிலேயே நடக்கிற ஒத்திகைதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் நான் முதலாளி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, 'பேர் என்னப்பா? எந்த ஏரியா?' என்று கேட்பேன். 19 வயதுப் பையன் ஒருவன் அச்சுப் பிசகாமல் பதில் சொன்னான். எனக்கு ஒரே பெருமை. மறுநாள் சும்மா மாற்றி, முதலில் 'எந்த ஏரியா?' என்றேன். பெயரைச் சொன்னான். 'பேர்?' என்றதும், 'செல்லூர் சார்' என்றான். கேள்வி அவன் காதில் ஏறவே இல்லை, வரிசையை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறான். அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்தானே! இப்போது வாட்ச்மேன் முதல் சமையல்காரம்மா வரை ஆளுக்கொரு நாள் முதலாளி வேஷம் போடுகிறார்கள். சமையல்காரம்மா என்னைவிடக் கறார்.

இவர்களுக்கு இருப்பது லேசான அறிவுசார் குறைபாடு. அப்படியென்றால் ஐ.க்யூ., அதாவது அறிவுத்திறன் அளவு, ஏறக்குறைய 50 முதல் 70 வரை. ஆளைப் பார்த்தால் தெரியாது, சங்கடமே அதுதான். பேசுவான், சிரிப்பான், கடைக்குப் போய் வருவான். நாலு வேலையை ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றோ இரண்டோதான் மனதில் நிற்கும். வாய் மட்டும் 'சரி சார்' என்றுவிடும். போன வருஷம் ஒரு கடையில் சேர்த்துவிட்ட பையன் எட்டே நாளில் திரும்பி வந்தான். பழைய சரக்கை முன்னால் வை, புதுசைப் பின்னால் தள்ளு, தேதி முடிந்ததைத் தனியாக எடு, கணக்கை மேனேஜரிடம் சொல். எல்லாவற்றுக்கும் 'சரி சார்'. சின்ன வயதிலிருந்து 'புரியலை' என்றால் திட்டு, 'சரி' என்றால் தப்பித்தான். பின்னே என்ன செய்வான்?

அதனால் பயோடேட்டாவை ஓரமாக வைத்துவிட்டு ஒரே வாக்கியத்தைப் பிடித்திருக்கிறோம்: 'சார், ஒவ்வொண்ணா சொல்லுங்க.' வேண்டுமென்றே கடகடவென்று பேசுவேன். நிறுத்திக் கேட்டால்தான் மார்க். 'முதலாளியை எதுத்துப் பேசச் சொல்லித் தர்றீங்களா?' என்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

அப்புறம், இடஒதுக்கீடு பற்றிக் கேட்டிருந்தாய். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 4 சதவீதம். அதில் எங்கள் பிள்ளைகள் இருப்பது 1 சதவீதத்துக்குள். அதையும் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களோடு பங்கு போட வேண்டும். பரீட்சை எழுதி அங்கே போவது என் பையன்களுக்கு எட்டாத கொம்பு. எங்களுக்கு வேலை கிடைப்பதெல்லாம் தெரிந்தவர் வழியாகத்தான்.

அதனால்தான் உன்னிடம் வருகிறேன். திண்டுக்கல்லில் உன் மச்சினன் பேக்கரி வைத்திருக்கிறாரே, அவரிடம் பேசு. வேலை கேட்கவில்லை. மூன்று பையன்களை ஆளுக்குப் பத்து நிமிஷம் இன்டர்வியூ செய்தால் போதும். இங்கே எல்லா முகமும் அவர்களுக்குப் பழகிவிட்டது. அவர் எப்போதும் போல வேகமாகவே பேசட்டும், முன்கூட்டி எதுவும் சொல்லி வைக்காதே. மதுரையிலிருந்து பஸ்ஸில் கூட்டி வருகிறேன். டிக்கெட் அவர்களே எடுப்பார்கள். எந்தக் கிழமை சௌகரியம் என்று எழுது.

உன் பழைய ரூம்மேட்