விஜிக்கு, சைக்கிளை ரயிலேற்றுவது பற்றி

மதுரை
நவம்பர் 14

அன்புள்ள விஜி,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற கையோடு மங்களூரிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே சைக்கிளில் வரப்போகிறாய்! ஹாஸ்டலில் நாம் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசிய பேச்சு, இத்தனை வருஷம் கழித்துக் கைகூடுகிறது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறாள். பெரியவன் ஓசூரிலேயே இருக்கிறான், பொங்கலுக்கு வருவான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 700 கிலோமீட்டருக்குப் பக்கம் மிதிக்கப் பயமில்லை, சைக்கிளை மங்களூர் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பயம் என்று எழுதியிருக்கிறாய். கடைக்காரர் சொன்னபடி முழுசாகப் பிரித்து அட்டைப் பெட்டியில் போடலாமா என்று கேட்கிறாய். ரயிலுக்கு வேண்டாம் விஜி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெட்டியாகப் போனால் அது பத்தோடு பதினொன்றான பார்சல்தான். படுக்கவைத்து, மேலே நாலு மூட்டையை அடுக்கிவிடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தூக்குகிறவருக்குத் தெரியாது. சைக்கிள் சைக்கிளாகவே நின்றால் அவர் அதை உருட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாத்துவார். அதனால் சக்கரத்தைக் கழற்றாதே, டயரில் காற்றையும் இறக்காதே.

பெடல் இரண்டையும் கழற்றிவிடு. பக்கத்தில் நிற்கும் பைக்கில் குத்திக்கொள்ளும் உறுப்பு அதுதான். 15 எம்எம் ஸ்பேனர் போதும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும், அதில்தான் எல்லோரும் திணறுவார்கள். ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின்சக்கரத்துப் பக்கமாகத் தள்ளு. இரண்டு பெடலும் கழன்றுவிடும். அப்புறம் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை முன்சக்கரத்தோடு ஒரே கோட்டில் வரும்படி திருப்பி வை. மேல்மூடி போல்ட்டைத் தொட வேண்டாம். சீட்டை இறக்குவதற்கு முன்னால் அதன் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள். செயினைப் பின்னால் இருக்கும் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால், கியர் மாற்றும் டீரெய்லர் உள்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். ஃபிரேமுக்கு ஏசி மெக்கானிக் கடையில் கிடைக்கும் கறுப்பு நுரைக்குழாய் வாங்கிக்கொள். காப்பர் பைப்பில் மாட்டுவார்களே, அதுதான். நீளவாக்கில் கீறி மாட்டி டேப் சுற்றினால் ஒரு கீறல் விழாது. அதற்கு மேலே சாக்குச் சுற்ற வேண்டும் என்று பார்சல் ஆபீஸில் சொன்னால் சுற்றிக்கொள், ஆனால் சக்கரம் உருளும்படி விடச் சொல்.

லைட், பம்ப், பாட்டில், மீட்டர், கேரியரில் மாட்டும் பைகள் எல்லாம் உன்னோடு பெட்டிக்குள் வரட்டும். ஸ்லீப்பரில் 40 கிலோ வரை இலவசம், உனக்குத் தாராளம்.

இனி சென்னை சென்ட்ரல். மங்களூர் மெயிலில், அதாவது 12601-இல் போ. அங்கேயே புறப்பட்டு மங்களூர் சென்ட்ரலிலேயே முடிகிற வண்டி. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நடுவழி ஸ்டேஷனில் வண்டி இரண்டு மூன்று நிமிஷம்தான் நிற்கும்; அதற்குள் சாமான் ஏற்றும் பெட்டியான பிரேக் வேனைத் திறந்து, முன்னால் இருக்கும் சாமானை நகர்த்தி, உன் சைக்கிளை இறக்கியாக வேண்டும். முடியாவிட்டால் அது உன்னை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். கடைசி ஸ்டேஷன் என்றால் எல்லாச் சாமானும் இறங்கியே தீர வேண்டும்.

கவுண்டரில் “லக்கேஜ்” என்று கேள், “பார்சல்” என்று கேட்காதே. லக்கேஜ் உன் டிக்கெட்டோடு சேர்ந்து நீ போகும் வண்டியிலேயே வரும். பார்சல் இடம் கிடைக்கிற வண்டியில் வரும், நீ மங்களூரில் காத்துக் கிடக்க வேண்டும். டிக்கெட்டும் அடையாள அட்டையும், இரண்டுக்கும் நகலும் கையில் இருக்கட்டும். உன் பெயர், போன் நம்பர், பி.என்.ஆர்., வண்டி எண், ‘எம்.ஏ.எஸ்.’ டு ‘எம்.ஏ.கியூ.’ என்ற ஸ்டேஷன் குறியீடு எல்லாவற்றையும் தடித்த மார்க்கரில் எழுதி இரண்டு இடத்தில் கட்டு. ஒன்று பிய்ந்தாலும் மற்றது இருக்கும். வண்டி புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்விடு. ரசீது வாங்கியதும் பெட்டிக்குப் போய் உட்கார்ந்துவிடாமல், பிரேக் வேன் நிற்கும் இடத்துக்கு நடந்துபோய் ஏற்றுவதைக் கண்ணால் பார். போர்ட்டர் அண்ணனிடம் எங்கே போகிறாய் என்று நாலு வார்த்தை பேசு. கன்னியாகுமரி வரை மிதிக்கப் போகிற அம்மாவின் சைக்கிள் என்று தெரிந்தால் அவர் கை தானாக மென்மையாகிவிடும், நான் பார்த்திருக்கிறேன். மங்களூரில் இறங்கியதும் சைக்கிளை உடனே எடுத்துவிடு. தாமதித்தால் கிடங்குக் கட்டணம் போடுவார்கள்.

ரயில் டிக்கெட் கிடைக்காமல் ஆம்னி பஸ்ஸில் வர நேர்ந்தால் முறையே வேறு. டிக்கியில் படுத்துத்தான் ஆக வேண்டும், ஆகவே சக்கரங்களைக் கழற்று. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வெறுமையாக இருந்தால், அழுத்தும்போது வளையும். 100 எம்எம் பிளாஸ்டிக் அடைப்பு ஒன்று சைக்கிள் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள், புதுச் சைக்கிளோடு வந்து குப்பைக்குப் போகிற சாமான்தான். டிஸ்க் பிரேக் என்பதால் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகு. சக்கரம் இல்லாத நேரத்தில் யாராவது லீவரை அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். டீரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமுக்கு உள்ளே கட்டு. எப்போதும் செயின் பக்கம் மேலே. கிளீனரிடம், “எல்லாச் சாமானும் ஏறின பிறகு கடைசியாக இதை வையுங்கள்” என்று கேட்டுக்கொள். போன வருஷம் ஒரு பஸ்ஸில், நடுராத்திரி ஏறிய டைல்ஸ் பெட்டி என் சைக்கிள் மேல் உட்கார்ந்து, டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. ஃபிரேம் தப்பட்டும் என்பதற்காகவே முதலில் வளைகிற மாதிரி செய்த சிறு அலுமினியத் துண்டு அது. ஆனால் ஃபிரேமுக்கு ஃபிரேம் அளவு மாறும், வழியில் கிடைக்காது. உன் மாடலுக்கு உரியதை இப்போதே வாங்கிப் பையில் போட்டுக்கொள்.

கேரளத்துக்குள் உனக்குக் கவலை குறைவு. வைப்பினிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு, வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் ரோ-ரோ படகில் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஏறலாம். கொச்சி மெட்ரோவிலும் 2020-லிருந்து சைக்கிளை அனுமதிக்கிறார்கள். நம் ஊரிலும் இப்படி வந்தால் எத்தனை பேர் வெளியே கிளம்புவார்கள், சொல்!

திரும்புவதற்கு 12634, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். அதுவும் அங்கேயே புறப்படுகிற வண்டி. எழும்பூரில் புனரமைப்பு வேலை நடப்பதால், எந்த ஸ்டேஷனில் முடிகிறது என்று டிக்கெட் போடும்போது பார்த்துக்கொள். லக்கேஜும் அதே ஸ்டேஷனுக்குத்தான் எழுத வேண்டும். வண்டி ராத்திரி மதுரை வழியாகத்தான் போகும். சைக்கிள் சென்னைக்கு எழுதியிருக்கும்போது உன்னை இங்கே இறக்க முடியாது, அது எனக்கு மனக்குறைதான். பெட்டி எண்ணையும் பெர்த்தையும் முன்கூட்டியே அனுப்பிவிடு, இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்துவிடுகிறேன். அம்மாவும் வருவேன் என்கிறாள்.

அன்புடன்,
கலா