செயலியில் கன்னியாகுமரி எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசிச் செயலிகளுக்கு நிரல் எழுதுவது என் தொழில். தமிழில் இயங்கும் செயலிகளில் நாம் அன்றாடம் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பட்டியல்கள் எவ்வளவு அலட்சியமாகச் செய்யப்படுகின்றன என்பதைச் செயலி எழுதுவோருக்கும், அவர்களைவிட முக்கியமாக, எழுதச் சொல்லிப் பணம் கொடுப்போருக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பல செயலிகளில் மாவட்டப் பட்டியலைத் திறந்தால் கடலூருக்கு அடுத்து கன்னியாகுமரி வருகிறது. அதற்குப் பிறகுதான் கரூரும் கள்ளக்குறிச்சியும். நம் நெடுங்கணக்கில் கடைசி மெய் ‘ன்’ என்பதால் இந்த நான்கில் கன்னியாகுமரி இறுதியில் வர வேண்டும். ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் கணினிக்கான எண் தரும் யூனிகோடு அட்டவணையில் ‘ந’வை அடுத்து ‘ன’வும், ‘ர’வை அடுத்து ‘ற’வும் இருக்கின்றன, எழுத்தின் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலுக்கு அதுவே வரிசையாகிவிடுகிறது. புள்ளிக்கான எண்ணும் அதில் உயிர்மெய்க் குறிகளுக்குப் பிறகே வருவதால், கண்ணன், கணபதி, கணேசன் என்று இருக்க வேண்டிய பெயர்கள் கணபதி, கணேசன், கண்ணன் என்று மாறிப்போகின்றன. 38 மாவட்டங்களுக்குள் எப்படியாவது தேடிக் கண்டுபிடித்துவிடலாம். வருவாய்க் கிராமங்களின் பட்டியலில் இது நடக்காது. இத்தனைக்கும் தமிழ் அகராதி வரிசைக்கான விதிகளை யூனிகோடு கூட்டமைப்பே பல மொழிகளின் வழக்கங்களைத் திரட்டிய தன் சிஎல்டிஆர் தரவுத் தொகுப்பில் வைத்திருக்கிறது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் அவ்விதிகளைச் செயலிக்குள்ளிருந்து நேரடியாகப் பயன்படுத்தவும் வழி இருக்கிறது. ஓரிரு வரி நிரலில் தீரக்கூடிய குறை இது. பள்ளிப் பிள்ளைகளை அகராதி புரட்டப் பழக்கும் நாட்டில், அதைக் கேட்டுப் பெற ஆள் இல்லை என்பதுதான் வியப்பு.

அடுத்த குறை, நீண்ட பெயர்களை வெட்டுவது. ஒரு வரிக்குள் அடங்காத பெயரின் கடைசிப் பகுதியை நீக்கிவிட்டு மூன்று புள்ளி வைப்பது பெரும்பாலான செயலிகளின் வழக்கம். நம் ஊர்ப் பெயர்ப் பழக்கத்துக்கு இது கொஞ்சமும் ஒத்துவராது. கோயில் பட்டியல் என்றால் எல்லா வரியும் ‘அருள்மிகு’ என்று தொடங்கும். பள்ளிப் பட்டியல் என்றால் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்பதுவரை எல்லா வரியும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டும் ஊர்ப் பெயர் கடைசியில் இருப்பதால், வெட்டப்படுவது சரியாக அதுதான். பெயரின் நடுப்பகுதியை வெட்டவும், இரண்டாம் வரிக்கு மடக்கவும் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலுமே வசதி உண்டு. வரியின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்து நிலையாக வைத்துவிடுவதும் தவறு. கண் மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கினால் ‘கி’யின் மேல்வளைவு மேலேயும் ‘கு’வின் வால் கீழேயும் அறுபட்டுப் போகின்றன.

இன்னொரு பிழை சற்று ஆபத்தானது. கைபேசித் திரையில் ஒரே நேரத்தில் சில வரிகள் மட்டுமே தெரியும். ஆயிரம் பெயர்களுக்கு ஆயிரம் வரிகளை உருவாக்கினால் நினைவகம் வீணாகும் என்பதால், மேலே நகர்ந்து மறைந்த வரியையே எடுத்து, அதில் அடுத்த பெயரை நிரப்பிக் கீழே கொண்டுவந்து வைக்கிறார்கள். 2014இல் ஆண்ட்ராய்டுக்கு வந்த, பட்டியல் காட்டும் நிரல் கூறான ரிசைக்கிளர்வியூவின் பெயரே இந்த மறுபயன்பாட்டைக் குறிப்பதுதான். பந்தியில் முதல் ஆள் எழுந்ததும் இலையை எடுத்துவிட்டு அடுத்தவரை உட்காரவைப்பது போன்ற ஏற்பாடு இது. இலையை எடுக்க மறந்தால் வம்பு. வருகைப் பதிவுச் செயலியில் முதல் மாணவருக்கு ஆசிரியர் போட்ட டிக், பட்டியலைத் தள்ளியதும் கீழே வேறொரு மாணவரின் பெயருக்கு எதிரே தோன்றுவது இப்படித்தான். படம் இணையத்திலிருந்து வந்து சேர்வதற்குள் அந்த வரி வேறொருவருக்குப் போய்விட்டால், ஒருவர் பெயருக்கு எதிரே மற்றொருவர் முகம் தெரியும். பணம் அனுப்பும் செயலியில் இந்தக் குழப்பம் நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. தொடப் போகும் நொடியில் புதிய தகவல் வந்து பட்டியல் ஒரு வரி கீழே இறங்கிவிட, விரல் வேறு பெயரின் மீது பட்டுவிடுகிறது. திரையில் விரல் இருக்கும்போது வரிகளை நகர்த்தாமல் ‘புதியவை வந்துள்ளன’ என்று மேலே ஓர் அறிவிப்பைக் காட்டினால் போதும்.

பட்டியலின் நடுவில் ஒன்றைத் திறந்து பார்த்துத் திரும்பினால் மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்க வைப்பது, பட்டியலைத் தொகுதி தொகுதியாக இறக்கும்போது மேலே புதிய பதிவு சேர்ந்ததால் முன்பு பார்த்த வரியே அடுத்த தொகுதியில் இரண்டாம் முறை வருவது, வரியைப் பக்கவாட்டில் இழுத்தால்தான் நீக்கலாம் என்று வைத்துவிட்டுத் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் வசதியால் செயலியை இயக்கும் பார்வையற்றவருக்கு மாற்று வழி தராமல் விடுவது எனக் குறைகள் இன்னும் பல உள்ளன. இவை எல்லாவற்றுக்கும் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது.

செயலியை ஒப்படைக்கும் நாளில் பத்துப் பெயர்கள் கொண்ட மாதிரிப் பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். பத்துப் பெயர்களில் மேற்சொன்ன எதுவும் தெரியாது. ஆகவே அரசுத் துறைகளும் நிறுவனங்களும், ஒரு மாவட்டத்தின் முழுப் பள்ளிப் பட்டியலையும் தமிழில் ஏற்றி, எழுத்தளவை உச்சத்தில் வைத்து, இணைய வேகம் குறைந்த இடத்தில், விலை மலிவான கைபேசி ஒன்றில் சோதித்துப் பார்த்த பிறகே செயலியைப் பெற்றுக்கொள்வது என்பதை ஒப்பந்த நிபந்தனையாகச் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலி நிரலாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.