தகட்டின் மீது பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கல்யாண டிவிடிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘ஆண்டுகள் ஆக ஆகத் தகட்டில் உள்ள படம் மங்கிவிடும்’ என்று அதில் ஒரு வரி. மயிலாடுதுறையில் 31 ஆண்டுகள் டிவி பழுதுபார்த்துப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரி தவறு. ஆல்பத்தில் ஒட்டிய புகைப்படம் வெளுக்கும். வீடியோ கேசட்டில் படம் மங்கும். டிவிடியில் இருப்பவை வெறும் எண்கள். தகடு கெட்டால் படம் கட்டம் கட்டமாகச் சிதறும், நடுவில் நின்றுபோகும், அல்லது ஓடவே ஓடாது. கடைசிவரை தடங்கலின்றி ஓடி, கலங்கலாக மட்டும் தெரிந்தால் தகட்டுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

இதை எழுதத் தூண்டியவர் எங்கள் எதிர்வீட்டு அம்மா. 2006-ல் நடந்த மகள் கல்யாண டிவிடியை, புதிதாக வாங்கிய 43 அங்குல டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு, “எல்லாம் கலங்கிப்போய்த் தெரிகிறது அண்ணா” என்று வந்து நின்றார். ஒரு ஸ்டுடியோவில் கேட்டதற்கு, தகடு பழசாகிவிட்டது, எச்டி ஆக்கித் தருகிறோம், 1,800 ரூபாய் ஆகும் என்றார்களாம். நல்லவேளை, பணம் கொடுக்கும் முன் வந்தார்.

முதலில் அவர் வீட்டில் பார்த்தேன். பிளேயரிலிருந்து டிவிக்குப் படம் போவது ஒரே ஒரு மஞ்சள் ஒயரில். வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்பி, மறுமுனையில் பிரித்தெடுக்கிற ஏற்பாடு அது. பிரிக்கும்போது ஒன்றின் மிச்சம் மற்றதில் ஒட்டிக்கொள்ளும். மணப்பெண்ணின் அரக்குப் பட்டில் சரிகைக் கரையோரம் எறும்புச் சாரை போலப் புள்ளிகள் ஊர்ந்தன. மாப்பிள்ளையின் சித்தப்பா அணிந்திருந்த பொடிக்கட்டச் சட்டையில் வானவில் மினுங்கியது. அதைக்கூட மன்னிக்கலாம். 4:3 அளவில் (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) எடுத்த படத்தை 16:9 திரை முழுக்க இழுத்து விட்டிருந்தார்கள். ஆட்கள் எல்லோருக்கும் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடியிருந்தது. மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் கணவரைக் காட்டி, “அவர் இவ்வளவு பருமன் கிடையாதே” என்றார் அந்த அம்மா. கணவர் காலமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

தகட்டை என் வீட்டுக்குக் கொண்டுவந்து 21 அங்குல பிக்சர் டியூப் டிவியில் போட்டேன். இங்கும் மஞ்சள் ஒயர்தான். ஆனால் படம் கண்ணுக்கு இதமாக இருந்தது. எறும்புகளைத் தேடினால்தான் தெரிந்தன. நம் நாட்டு டிவிடியில் 576 வரிகள். ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை என்று நொடிக்கு 50 அரைப்படங்கள் வரும். டியூப் டிவி வரைவதும் அதே முறையில்தான். புதிய டிவியோ அரைப்படங்களைக் கோத்து முழுசாக்கி, பிறகு தன் திரை அளவுக்குப் பெருக்க வேண்டும். தகட்டில் இருப்பது 720-க்கு 576, அதாவது நான்கு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். அவருடைய 4கே திரை கேட்பதோ 82 லட்சத்துக்கு மேல். ஒரு படி அரிசியில் இருபது படிக்குச் சோறு வடிக்கிற வேலை.

பேரனின் லேப்டாப்பில் வேறொரு வேடிக்கை. அட்சதை தூவும் கைகளின் ஓரமெல்லாம் சீப்புப் பல் முளைத்திருந்தது. அரைப்படங்களைச் சரியாகக் கோக்காததன் அடையாளம் அது. ‘டீஇன்டர்லேஸ்’ என்ற அமைப்பை இயக்கியதும் பற்கள் உதிர்ந்துவிட்டன.

கடைசியில், படத்தைக் கலக்காமல் எண்களாகவே டிவிக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ வசதியுள்ள என் பிளேயரை எதிர்வீட்டுக்குத் தூக்கிப் போனேன். படத்தை 4:3-ல் வைத்தேன். கடையில் கண்ணைப் பறிப்பதற்காகவே இருக்கும் ‘டைனமிக்’ நிலையை மாற்றினேன்; ‘ஷார்ப்னஸ்’ அளவை ஏறக்குறைய அடிமட்டத்துக்கு இறக்கினேன். ஆட்களைச் சுற்றி ஓடிய வெள்ளைக் கோடு மறைந்தது, எறும்பும் வானவில்லும் ஒழிந்தன. அந்த அம்மாவின் கணவர் பழைய ஒல்லி உடம்போடு நின்றார். அந்த அம்மா அந்த இடத்தை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. படம் தெளிந்ததும் மண்டபத்து மூலை இருட்டெல்லாம் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. மூன்றரை மணி நேரக் கல்யாணத்தை 4.7 ஜிபி தகடு ஒன்றில் திணித்தால் அப்படித்தான் ஆகும். தொலைந்த நுணுக்கம் எந்த ஒயரிலும் திரும்பி வராது. 1,800 ரூபாய் கொடுத்தாலும் அசல் வராது. தகட்டில் உள்ளதை அப்படியே ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வைப்பது வேறு விஷயம். ஸ்டுடியோக்களில் பதிவு செய்து தரும் தகடுகளில் இருப்பது ஒருவகைச் சாயம், ஒருநாள் படிக்க முடியாமல் போகலாம். அதற்கு முன் அவசியம் நகலெடுங்கள்.

தயவுசெய்து அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். அதை நம்பித் தகட்டைக் குப்பையில் போட்டவர்கள் எத்தனை பேரோ.

எதிர்வீட்டு அம்மா இப்போது என் டியூப் டிவியை விலைக்குக் கேட்கிறார். பிளேயரை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் (ஓய்வு),
மயிலாடுதுறை.