கயலுக்கு, நீ அனுப்பிய மூன்று துப்பாக்கிகள் பற்றி

அன்புள்ள கயலுக்கு,

துப்பாக்கி சுடும் போட்டிக்காக ரைஃபிள் வாங்க நீ அனுப்பிய மூன்று விளம்பரங்களையும் பார்த்தேன். மூன்றிலும் பழைய விலையைச் சிவப்புக் கோட்டால் அடித்துவிட்டுப் புது விலையைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அந்த அடித்த விலையைக் கண்ணிலிருந்து எடுத்துவிடு. அது துப்பாக்கிக் கம்பெனி தன் பட்டியலில் அச்சிடும் விலை. சாதாரண நாளில்கூடப் பெரும்பாலான கடைகள் அதை முழுதாக வாங்குவதில்லை. நம்மூர் ஆடித் தள்ளுபடி மாதிரிதான், எங்கிருந்து இறக்கினார்கள் என்பதைவிட எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் கணக்கு. அதே மாடல் எண்ணை நாலு கடையில் தேடு. பெயரை வைத்துத் தேடினால் ஏமாறுவாய். ரூகர் கம்பெனியின் 10/22 ரைஃபிள் என்ற ஒரே பெயரில் ஏகப்பட்ட வகைகள் உண்டு. ஸ்டாக் (கட்டை), பேரல் (குழல்), சைட் (குறி பார்க்கும் கருவி) எல்லாம் மாறும். பெட்டியில் ஒட்டியிருக்கும் மாடல் எண் ஒன்றானால்தான் இரண்டும் ஒரே பொருள். பழைய துப்பாக்கி என்றால் ஏலத் தளங்களில் முடிந்துபோன ஏலங்களை மட்டும் பார். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், விற்ற விலைதான் விலை.

இப்போது உன் முதல் விளம்பரம். 399 டாலர் போட்டு அடித்து 249. உன் ஊர்க் கடையில் அதே மாடல் 289. ஆன்லைனில் 40 டாலர் லாபம் என்று எழுதியிருந்தாய். கூட்டிப் பார். 249-க்கு 7% வரி என்று வைத்தால் 17. அனுப்பும் செலவு 25. ஆன்லைனில் வாங்கினாலும் அது உன் வீட்டுக்கு வராது, லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் வரும். அந்தக் கடைக்காரர் படிவம் எழுதி, உன் பின்னணி சோதித்து, உன் கையில் கொடுக்க 35 கேட்பார். மொத்தம் 326. ஊர்க் கடையில் வரியோடு 309. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கிரெடிட் கார்டுக்கு 3% தனியாகப் பிடிக்கும் கடைகளும் உண்டு, முதலிலேயே கேள். கம்பெனி ரிபேட் (வாங்கிய பிறகு திருப்பித் தரும் தொகை) தருகிறது என்றால் கடைசித் தேதியையும், பணமாக வருமா கார்டாக வருமா என்பதையும் பார். பெட்டியில் இருக்கும் பார்கோடை வெட்டி அனுப்பச் சொல்வார்கள், அதனால் பெட்டியைத் தூக்கிப் போடாதே.

அந்த 249-இல் ஸ்கோப்பும் (குறி பார்க்கும் தொலைநோக்கி) சேர்த்தி என்பது உனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு அதுதான் இடறுகிறது. கூட வரும் ஸ்கோப் பெரும்பாலும் மட்டமான சரக்கு. அதைத் துப்பாக்கியில் மாட்டியிருக்கும் ரிங்கின் திருகு தளர்ந்திருந்தால் இருபது தோட்டாவுக்குள் குறி நகர்ந்துவிடும், நீ உன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய். இன்னொன்று, பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பில் பாரலாக்ஸ், அதாவது கண் விலகினாலும் குறி நகராத தூரம், 100 கஜத்துக்கு வைத்திருக்கும். 25 கஜத்தில் கண் கொஞ்சம் விலகினாலும் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகரும். ரிம்ஃபயர் (.22 போலத் தோட்டாவின் விளிம்பில் ஊசி அடிக்கும் சின்ன ரகம்) ஸ்கோப் என்று வாங்கினால் 50 கஜத்துக்கு வைத்திருப்பார்கள்.

நீ போகப்போவது சி.எம்.பி. என்ற துப்பாக்கி சுடும் அமைப்பின் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டிக்கு, ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரியில் நடக்குமே அதே வகை. அதன் விதிதான் உனக்கு எது உதவும் எது உதவாது என்று பிரித்துக் காட்டும் தராசு. ஸ்கோப், ஸ்லிங் (தோள் வார்) எல்லாம் சேர்த்துத் துப்பாக்கியின் எடை ஏழரைப் பவுண்டைத் தாண்டக் கூடாது. ட்ரிக்கர் விழாமல் மூன்று பவுண்டு எடையையாவது தாங்க வேண்டும். ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தை ஆறு மடங்குக்கு மேல் வைக்கக் கூடாது. 25 கஜத்திலும் 50 கஜத்திலும் மொத்தம் 60 தோட்டா, அதில் பாதி வேகமாகச் சுடுவது.

இதை வைத்து இரண்டாவது விளம்பரத்தைப் பார். தடித்த பேரல் போட்ட 10/22. அழகான துப்பாக்கி, மேசையில் சாய்த்து வைத்துச் சுட்டால் தோட்டாக்களை ஓரிடத்தில் நன்றாகக் கூட்டும். ஆனால் அந்த ரகம் ஸ்கோப் இல்லாமலே ஏழரைப் பவுண்டை ஒட்டி நிற்கும். ஸ்கோப்பும் ரிங்கும் ஏற்றினால் எடை மேசையிலேயே உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 10/22-இன் சாதாரண கார்பைன் (குட்டையான, லேசான ரகம்) ஐந்து பவுண்டு, ஸ்கோப் போட்டாலும் இடம் மிச்சம். இலவச ‘பிஎக்ஸ் ட்ரிக்கர்’ என்று அதே விளம்பரத்தில் போட்டிருக்கிறது. அது இரண்டரை முதல் மூன்று பவுண்டில் விழும். எடைத் தொங்கலில் மாட்டித் தூக்கும்போது ட்ரிக்கர் விழுந்துவிட்டால் போட்டியில் கணக்கில் வராது. வேறு விளையாட்டுக்கு அது நல்ல சாமான், உனக்கு அது வீண்.

மூன்றாவதைத் தொடாதே. ரெமிங்டன் 597 ரைஃபிள், .17 எச்.எம்.ஆர் என்ற தோட்டா சுடுவது, பழையது, அடிமாட்டு விலை. அந்த மாடலில் அந்தத் தோட்டா வகையை மட்டும் சுட வேண்டாம் என்று 2009-இல் ரெமிங்டனே அறிவித்துத் திரும்பப் பெற்றது. ஏன் மலிவு என்று இப்போது புரிகிறதா? எந்தப் பழைய துப்பாக்கியானாலும் மாடலையும் சீரியல் எண்ணையும் வைத்துத் திரும்பப்பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். ரெமிங்டன் 700 வாங்குகிறவர்களும் 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த ட்ரிக்கரா என்று பார்ப்பது இதனால்தான். குறை இல்லாத .17 ஆனாலும் உன் போட்டிக்கு ஆகாது, .22 எல்.ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டா மட்டும்தான் அனுமதி. தோட்டாச் செலவும் வேறு. வாரம் 100 தோட்டா என்றால் வருடம் ஐயாயிரம். .22 ஒன்று 8 சென்ட் என்று வைத்தால் 400 டாலர், .17 ஒன்று 25 சென்ட் என்று வைத்தால் 1,250. முதல் வருடத்திலேயே துப்பாக்கி விலையைத் தோட்டா விழுங்கிவிடும்.

அந்தத் தோட்டாவிலும் தள்ளுபடி பார்த்து மூட்டை வாங்காதே. மூன்று வேறு பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 50 கஜத்தில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார். ஒரு பேரலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. எது ஓரிடத்தில் கூட்டுகிறதோ அதே லாட் எண்ணில் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) பெரிய பெட்டியாக எடு.

பழைய .22 நல்லதாகக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். முதலில் போல்ட்டைத் திறந்து சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார். பிறகு வெளிச்சத்தில் பேரலுக்குள் பார். உள்ளே வளையம் போல ஒரு கருப்பு நிழல் தெரிந்தால், குண்டு சிக்கியிருந்தபோது அடுத்ததையும் சுட்டுப் பேரல் உப்பியிருக்கிறது, திருப்பி வைத்துவிடு. வாய் முனையில் தேய்மானமோ வெட்டோ இருக்கிறதா என்று பார். 10/22-ஐப் பலர் முன்பக்கமிருந்தே கம்பி விட்டுத் துடைப்பதால் அங்கேதான் தேயும், தேய்ந்தால் குறி சிதறும். சேம்பர் விளிம்பில் சின்னப் பள்ளம் இருந்தால் காலியாகவே ட்ரிக்கரை இழுத்து இழுத்து ஊசி குத்தியது. தோட்டா ஏறவும் சுட்ட ஓடு வெளியே வரவும் முரண்டு பிடிக்கும். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே போயிருக்கிறது.

இதெல்லாம் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டும். உன் பெயருக்கு மாறிய நிமிடமே அது பழைய துப்பாக்கி, பெரும்பாலான கடைகள் திருப்பி எடுக்காது. ஆன்லைனில் வாங்கி வந்ததையும் அந்தக் கடையின் மேசையிலேயே பிரித்துப் பார், பிசகு தெரிந்தால் உன் பெயருக்கு மாற்றாமலே திருப்பி அனுப்பச் சொல்லலாம்.

மாப்பிள்ளை விஷயம். அவர் இன்னும் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, அது காலாவதியானால் விலக்கும் போய்விடும். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்தாலும் இதே சட்டம்தான். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது இது விளையாட்டில்லை. துப்பாக்கிப் பூட்டின் சாவி உன்னிடம் மட்டும் இருக்கட்டும். அவருக்காக உன் பெயரில் வாங்குவதை மனதில்கூட வைக்காதே, அது தனிக் குற்றம். நானும் இங்கே டெக்சாஸில் வாங்கி உனக்குப் பார்சல் போட முடியாது. மாநிலம் மாறினால் உன் ஊர்க் கடை வழியாகத்தான் வர வேண்டும், அந்த 35 டாலர் மறுபடியும் வரும்.

அவசரம் இல்லையென்றால் ஜனவரி வரை பொறு. லாஸ் வேகஸில் ஷாட் ஷோ என்ற துப்பாக்கி வியாபாரக் கண்காட்சி அப்போதுதான், புது மாடல் அறிவித்ததும் பழையதைக் கடைகள் தள்ளிவிடப் பார்க்கும். பொறுக்க முடியாதென்றால் ஊர்க் கடையில் ஸ்கோப் இல்லாத சாதாரண கார்பைனை எடு. காது மூடி, கண்ணாடி, ஸ்லிங், இரண்டு கூடுதல் மேகசின், சேம்பர் கொடி (சேம்பர் காலி என்று காட்டுவது) இவற்றுக்கு 120 டாலர் ஒதுக்கு. ஸ்கோப் பிறகு பார்க்கலாம், முதல் சில மாதம் இரும்பு சைட்டிலேயே சுடு.

கடைக்குப் போனதும் பெட்டியின் ஓரத்து லேபிளைப் படமெடுத்து அனுப்பு, மாடல் எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அப்பா