வளைவு தாண்ட வைத்தவர்களுக்கு

எங்கள் வீட்டுக்காரர் மறுபடி ஸ்டியரிங் பிடித்துவிட்டார். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அவரே ஓட்டிக் கடந்தார். உதவிய ஒவ்வொருவரையும் நேரில் பார்க்க முடியவில்லை. அதனால் இந்த மடல்.

போன வருஷம் மிளகு மூட்டையோடு சேலத்துக்கு இறங்கும்போது வண்டி கவிழ்ந்தது. கூட வந்த சுமைதூக்கும் அண்ணன் அங்கேயே இறந்துபோனார். இவருக்குக் கை முறிவு, அது கூடிவிட்டது. எங்களுக்குப் புரியாத காலம் அப்புறம்தான் தொடங்கியது. நடுராத்திரியில் தூக்கத்திலேயே வலது காலால் கட்டில் சட்டத்தை ஓங்கி மிதிப்பார். பிரேக் மிதிக்கிறார் என்பது எனக்குப் பிடிபடவே பல நாள் ஆனது. அடிவாரத்துக்குப் போனால், மலையிறங்கி வரும் வண்டிகளின் பிரேக் லைனர் வாடைக்கே வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிடுவார்.

பயந்த கோளாறு என்று கயிறு மந்திரித்துக் கட்டினோம். "மறந்துட்டு வேலையைப் பாருங்க" என்று நானே ஒருநாள் கத்தினேன். அது இன்னும் உறுத்துகிறது.

மாமியாருக்கு பிரஷர் பார்க்க வந்த கிராம சுகாதாரச் செவிலியர் அக்காவுக்கு முதல் நன்றி. குக்கர் விசிலுக்கு இவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்ததைப் பார்த்து, "எத்தனை நாளா தம்பி இப்படி?" என்றார். மூன்று மாதம் என்றதும், ஒரு மாதம் தாண்டினாலே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அங்கேயே 14416-க்குப் போன் போட்டுக் கொடுத்தார். மனநல ஆலோசனைக்கான இலவச எண் அது. மறுமுனையில் தமிழில் பேசிய தங்கைக்கும் நன்றி.

சேலத்தில் பார்த்த மனநல டாக்டர் அம்மா, விபத்து கண்முன் திரும்ப ஓடுகிறதா, அந்தப் பாதையை ஒதுக்குகிறீர்களா, எந்நேரமும் உஷாராகவே இருக்கிறீர்களா என்று நிதானமாகக் கேட்டார். இதற்கு பி.டி.எஸ்.டி. என்று பேர், பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு, கோழைத்தனம் இல்லை என்றார். இவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். இதற்காக எழுதிக் கொடுத்த செர்ட்ராலின் மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். நாங்களாக வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த தூக்க மாத்திரை இதைத் தீர்க்காது, பழக்கமாகிவிடும் என்று அதைப் படிப்படியாக நிறுத்த வைத்தார்.

உளவியலாளர் சாருக்கு எப்படி நன்றி சொல்வது! நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை, வாரா வாரம், வாய்விட்டுச் சொல்ல வைத்தார். பிறகு நிற்கும் வண்டியில் உட்காருவது. அடுத்து பஸ்ஸில் முதல் வளைவு வரை. வாடை வந்தாலும் பயம் தணியும்வரை இறங்காமல் இருப்பது. ஸ்டாண்டு நண்பர்கள் முறைவைத்துக் கூடவே போனார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

எங்கள் மகளைச் சேலத்தில் அம்மா வீட்டில் விட்டுப் படிக்க வைத்திருந்தோம். தினமும் வயிற்றுவலி, அழுகை. அது அட்ஜஸ்ட்மென்ட் டிஸ்ஆர்டர், வாழ்க்கை திடீரென்று மாறியதைத் தாங்க முடியாத நிலை என்று சொல்லி, மாத்திரையே இல்லாமல் பேசிப் பேசிச் சரிசெய்தார்கள். அவளைத் தினமும் பத்து நிமிஷம் தனியாக உட்காரவைத்துப் பேசிய வகுப்பு டீச்சருக்கும் நன்றி.

கடைசியாக, இறந்துபோன அண்ணனின் மனைவி. அக்கா, உங்கள் முகத்தைப் பார்க்க இவர் எட்டு மாதம் பயந்து கிடந்தார். நீங்களே படியேறி வந்து, "அண்ணா, நீங்க வண்டி எடுக்கணும்" என்றீர்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு உங்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனது அவர்தான். முன் சீட்டில் உங்கள் சின்னவன் உட்கார்ந்திருந்தான்.